மேதை என்று அறிவித்துவிட்டால் போதுமா? இளையோர் அறிவியல் புனைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளையோருக்கான அறிவியல் புனைவு எழுத உட்காரும் பலர், முதல் அத்தியாயத்திலேயே நாயகிக்குப் பட்டம் சூட்டிவிடுகிறார்கள். பத்து வயதில் ரோபோ செய்தவள், ஏழு மொழி தெரிந்தவள், பள்ளியே வியக்கும் மேதை. அதன் பிறகு முந்நூறு பக்கங்களுக்கு அவள் யோசிப்பதை நாம் பார்ப்பதே இல்லை. விடைகள் மட்டும் வந்து விழுகின்றன. கணக்குத் தாளில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்று பதினைந்து வயது வாசகருக்குத் தெரியும். கதையிலும் அவர் அதே கறாரோடுதான் இருப்பார்.

ஒருத்தியின் புத்தி வெளிப்படுவது, மற்றவர்கள் தள்ளிவிட்டுப் போன ஒன்றை அவளால் தள்ள முடியாமல் போகும் இடத்தில். நிஜ வாழ்க்கையிலேயே இதற்கு நல்ல மாதிரி உண்டு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல்லின் வேலை, வானொலித் தொலைநோக்கி (விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவி) நாள்தோறும் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வரைந்து தள்ளிய தாளைக் கண்ணால் அலசுவது. ஓரிடத்தில் ஒரு சின்னக் கிறுக்கல். வானொலி அலைகளை வெளிவிடும் வழக்கமான விண்பொருள்களின் மினுமினுப்பு போலவும் இல்லை. மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சல் போலவும் இல்லை. இதை முன்பே பார்த்திருக்கிறோமே என்று பழைய தாள்களைப் புரட்டினார். வானத்தின் அதே பகுதியிலிருந்து முன்பும் வந்திருந்தது. தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிவு செய்தபோது, 1.33 நொடிக்கு ஒருமுறை சீராகத் துடிக்கும் சமிக்ஞை தெரிந்தது. மனிதர்கள் செய்ததாகத்தான் இருக்கும் என்று வழிகாட்டி முதலில் நினைத்தார். வேற்றுக்கிரகவாசிகளை வைத்து அதற்கு ஒரு வேடிக்கைப் பெயரும் சூட்டினார்கள். வானின் வேறொரு பகுதியில் இரண்டாவது துடிப்பையும் பெல் கண்டுபிடித்த பிறகுதான் அந்த வேடிக்கை அடங்கியது. பல்சார் என்ற விண்மீன் வகை உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். (இதற்காக 1974இல் நோபல் பரிசு வழிகாட்டிக்குப் போனது, பெல்லுக்கு இல்லை. அதைத் தனி நாவலாகவே எழுதலாம்.)

பட்டம் சூட்டுவதைவிட மோசமான தவறு, துப்பை வாசகரிடமிருந்து மறைத்து வைப்பது. கலம் வெடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, அதுவரை கதைக்குள் தலைகாட்டாத ஒரு சமன்பாடு நாயகியின் நினைவுக்கு வருகிறது, எல்லோரும் பிழைக்கிறார்கள். வாசகர் வியக்க மாட்டார். ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

பூமியைச் சுற்றும் ஒரு நிலையத்தில் கதை நடப்பதாக வைத்துக்கொள்வோம். நாயகியின் தம்பி தினமும் தலைவலியோடு எழுகிறான், பகலில் சரியாகிவிடுகிறது. வீட்டு ஏக்கம் என்கிறார் மருத்துவர். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கச் சில விசிறிகளை நிறுத்திவிட்டார்கள் என்று இரண்டாம் அத்தியாயத்தில் போகிறபோக்கில் ஒரு வரி. நான்காம் அத்தியாயத்தில் தம்பியைத் தூங்கவைக்கப் போகும் நாயகி, தன் அறையில் எப்போதும் அலைந்துகொண்டிருக்கும் தலைமுடி இங்கே அப்படியே நிற்பதைக் கவனிக்கிறாள். எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழாது. காற்றோட்டம் இல்லாவிட்டால், தூங்குபவர் வெளியே விட்ட கரியமில வாயு அவர் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். மெய்யான விண்வெளி நிலையத்திலும் உறங்கும் இடத்தில் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அவள் காற்று வரும் துளையருகே ஒரு காகிதக் கீற்றை ஒட்டிவைக்கிறாள். அது படபடக்கவில்லை. 'அட, விசிறியைப் பற்றி முன்பே சொன்னார்களே' என்று வாசகர் தலையில் தட்டிக்கொள்ளும் இடம் இது.

இதற்குமுன் அவள் குடிநீரின்மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாளை வீணடித்திருந்தால் இன்னும் நல்லது. ஊகம் ஒருமுறைகூடத் தவறாத நாயகிக்காக வாசகர் பதறவும் மாட்டார், அவள்மேல் பாசம் வைக்கவும் மாட்டார்.

எல்லாம் தெரிந்தவளாக அவளை ஆக்குவதும் இதே குடும்பத்துத் தவறுதான். சங்கேதத்தை உடைப்பாள், அறுவை சிகிச்சை செய்வாள், விண்கலம் ஓட்டுவாள், போதாக்குறைக்குக் குத்துச்சண்டையும் போடுவாள். ஏதாவது ஒரு துறையில் கூர்மையைக் கொடுங்கள். மற்றவற்றுக்கு அவள் இன்னொருவரைத் தேடிப் போகட்டும். 1970இல் நிலவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13 கலத்தில் கரியமில வாயு கூடிக்கொண்டே போனபோது, கையிருப்பில் இருந்தவை சதுர வடிகட்டிப் பெட்டிகள். அவற்றைப் பொருத்த வேண்டிய இடமோ வட்டம். பிளாஸ்டிக் பை, குழாய், அட்டை, ஒட்டு நாடா என்று கலத்தில் கிடந்தவற்றை வைத்தே தரையிலிருந்த குழு வழி கண்டுபிடித்து, படிப்படியாக வானொலியில் சொல்லிக்கொடுத்தது. கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால், நாயகியை மேதை என்று எங்கும் எழுத வேண்டியிருக்காது.

நாயகியை உயர்த்துவதற்காகச் சுற்றியிருப்பவர்களை முட்டாளாக்காதீர்கள். விசிறியை நிறுத்திய பொறியாளருக்கும் ஒரு நியாயம் இருக்கட்டும்: மின்கலம் பழுதாகிவிட்டது, எதையாவது நிறுத்தியே ஆகவேண்டும். அப்போதுதான் அவளுடைய வாதத்துக்கு எடை கிடைக்கும்.

அறிவியலைப் பிரசங்கமாக்குவது பெரியவர்களுக்கான நாவல்களிலும் உண்டு. இளையோர் நாவலில் அது உடனே பாடப்புத்தக வாடை அடிக்கும். "உனக்குத் தெரிந்ததுதானே, செவ்வாயின் ஈர்ப்பு பூமியுடையதில் 38 சதவீதம்தான்" என்று செவ்வாயில் பிறந்த ஒருத்தி தன் தோழியிடம் சொல்ல மாட்டாள். பூமியிலிருந்து வந்த விருந்தாளி தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிப் போடும்போது, அது பிடிக்க நின்றவளைத் தாண்டிப் போய் விழட்டும். தோழிகள் சிரிப்பை அடக்கட்டும். சதவீதக் கணக்கு வேண்டியதில்லை.

தகவல் பிழைகளில் சில திரும்பத் திரும்ப வருகின்றன. வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்பது, தூரத்தின் அளவான ஒளியாண்டைக் கால அளவாக எழுதுவது, 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பே இல்லை என்பது. அந்த உயரத்திலும் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீத ஈர்ப்பு உண்டு. நிலையமும் அதிலிருப்பவர்களும் பூமியைச் சுற்றி ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள். செவ்வாயிலிருந்து பூமிக்கு உடனுக்குடன் பேசுவது இன்னொன்று. கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து, ஒரு செய்தி போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். உண்மையில் இந்தத் தாமதம் கதாசிரியருக்குக் கிடைத்த வரம். கோபத்தில் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, அடுத்த நிமிடமே வருந்தி, அது இன்னும் போய்ச்சேரவில்லை, திரும்பப் பெறவும் முடியாது என்று அறைக்குள் தவிக்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். இதைக் கைவிட்டுச் சாதாரணத் தொலைபேசி உரையாடலை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

புத்திசாலிப் பெண்ணுக்கு உணர்ச்சி கிடையாது என்ற தேய்ந்த வார்ப்பு வேண்டாம். காதல் வந்ததும் மூளையைக் கழற்றி வைத்துவிடுகிற அத்தியாயங்களும் வேண்டாம். உச்சக்கட்டத்தில் பையன் ஒருவன் வந்து கடைசி விசையை அழுத்துகிறான் என்றால், அதுவரை எழுதியதெல்லாம் அவனுடைய கதையாகிவிடும். அவன் உதவலாம், முடிவெடுப்பது அவளாக இருக்கட்டும்.

கையெழுத்துப் படி தயாரானதும், விடை வெளிப்படும் அத்தியாயத்துக்கு முந்தைய பக்கம் வரை மட்டும் அந்த வயதுப் பிள்ளைகள் சிலரிடம் படிக்கக் கொடுங்கள். அடுத்து அவள் என்ன செய்வாள், ஏன் என்று கேளுங்கள். எல்லோரும் சரியாகச் சொன்னால் துப்புகளைக் கொஞ்சம் புதைக்க வேண்டும். ஒருவரும் வாயே திறக்கவில்லை என்றால், இரண்டாம் அத்தியாயத்தில் அந்த விசிறி வரி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.