120 கிரெடிட் சேர்த்தும் பட்டம் வராமல் போவது எப்படி: அமெரிக்காவில் ஜெனரல் ஸ்டடீஸ் படிக்க வருபவர்களுக்கு

ஊரில் பி.எஸ்சி., பி.காம். படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். எந்த செமஸ்டரில் என்ன பேப்பர் என்று பல்கலைக்கழகமே அச்சடித்துக் கொடுத்துவிடும். அரியர் வைக்காமல் தேறினால் புரொவிஷனல் கைக்கு வந்துவிடும். இங்கே ஜெனரல் ஸ்டடீஸில், அதாவது மேஜர் என்று ஒரு துறை இல்லாமல் பல துறைப் பாடங்களைச் சேர்த்து வாங்கும் பட்டத்தில், அந்த அச்சடித்த தாள் கிடையாது. எதை எடுப்பது, எந்த வரிசையில் எடுப்பது, எது எந்தக் கட்டத்தை (பட்டத்துக்கான தேவைப் பட்டியலில் ஒரு வரி) நிரப்பும் என்பதெல்லாம் உங்கள் தலையில்தான். தெரிந்தவர் ஒருவர் பட்டத்துக்கான 120 கிரெடிட்டையும் (பாடம் முடித்தால் கிடைக்கும் படிப்பு அலகு) முழுதாகச் சேர்த்துவிட்டுப் பட்டத்துக்கு விண்ணப்பித்தார். இன்னும் 18 கிரெடிட் பாக்கி என்று பதில் வந்தது. அந்த 18 எங்கிருந்து முளைத்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுவது. மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

விசா விஷயம் முதலில். எச்-4இல் (எச்-1பி போன்ற வேலை விசாவில் வந்தவரின் துணை, பிள்ளைகள்) இருப்பவர்கள் எஃப்-1க்கு (மாணவர் விசா) மாறாமலேயே முழுநேரமாகப் படிக்கலாம். எஃப்-2இல் (எஃப்-1 மாணவரின் துணை, பிள்ளைகள்) இருப்பவர்களுக்குப் பகுதிநேரம் மட்டும்தான். எஃப்-1 என்றால் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். அந்தக் கணக்கில் முழு ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் எச்-4, எஃப்-1காரர்களுக்குப் பயன்படாது. கிரீன் கார்டு வந்த பிறகு பார்க்கலாம். கிரீன் கார்டு இருந்தாலும், ஊரில் வாங்கிய பட்டம் இங்குள்ள பேச்சலர்ஸுக்குச் சமம் என்றால் பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவித்தொகை) கிடைக்காது. அது முதல் பட்டத்துக்கான பணம்.

படித்துவிட்டு எச்-1பி வாங்கலாம் என்ற எண்ணத்தில் இந்தப் பட்டத்தில் சேருபவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். குறிப்பிட்ட துறைப் பட்டம் தேவைப்படும் வேலைக்குத்தான் எச்-1பி. எந்தப் பொதுப் பட்டமும் போதும் என்றிருக்கும் வேலை அதில் வராது. ஓபிடி (எஃப்-1 மாணவர்களுக்குப் படிப்பையொட்டிக் கிடைக்கும் தற்காலிக வேலை அனுமதி) வேலையும் படித்த துறையோடு தொடர்பு உடையதாக இருக்க வேண்டும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கு ஓபிடி காலத்தைக் கூட்டித் தரும் ஸ்டெம் நீட்டிப்பு ஜெனரல் ஸ்டடீஸுக்குக் கிடையாது. பட்டம் இல்லாததால் பதவி உயர்வு தடைபடுபவர்கள், பாதியில் படிப்பை விட்டு வந்தவர்கள், மேற்படிப்புக்கு ஒரு பேச்சலர்ஸ் தேவைப்படுபவர்கள், இவர்களுக்குத்தான் இது சரியான வழி.

ஊரில் பட்டத்தை முடித்திருந்தால், சேருவதற்கு முன் அதை மதிப்பீடு செய்யுங்கள். சில மூன்று வருடப் பட்டங்களுக்கு இங்குள்ள பேச்சலர்ஸுக்கு முழுச் சமம் என்றே அறிக்கை வரும். வந்தால் நேராக மாஸ்டர்ஸ் பக்கம் போங்கள், நான்கு வருடம் மிச்சம். மதிப்பீட்டை, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாசஸின் உறுப்பு நிறுவனம் ஒன்றில் செய்வது வழக்கம். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கல்லூரியிடம் முதலில் கேளுங்கள். அறிக்கையில் இரண்டு வகை உண்டு. பட்டம் எதற்குச் சமம் என்று மட்டும் சொல்வது விலை குறைவு. கிரெடிட் மாற்ற அது உதவாது. பாடம் பாடமாகக் கிரெடிட்டும் கிரேடும் போட்டுத் தரும் அறிக்கைதான் வேண்டும். மலிவானதை வாங்கிவிட்டு மறுபடி பணம் கட்டுபவர்கள் நிறைய.

டிரான்ஸ்கிரிப்ட்டை பல்கலைக்கழகம் உறையில் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தித் தரச் சொல்வது வழக்கம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கேட்க வேண்டியிருக்கும். கூடவே, நீங்கள் படித்த வருடத்துப் பாடத்திட்டத்தையும் சான்றொப்பத்தோடு வாங்குங்கள். இதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பார்ட் 1 தமிழ், பார்ட் 2 ஆங்கிலம், பார்ட் 3 மேஜரும் அலைடும் என்ற பிரிவெல்லாம் இங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குப் புரியாது. பாடத்திட்டம் கையில் இருந்தால் அலைடு கணிதத்தைக் கணிதக் கட்டத்திலும், தமிழை ஹியூமானிட்டீஸ் (இலக்கியம், தத்துவம் போன்றவை) அல்லது வேற்றுமொழிக் கட்டத்திலும் வைக்கச் சொல்லி வாதாடலாம். இல்லையென்றால் எல்லாம் ‘பொது விருப்பப் பாடம்’ என்ற மூட்டையில் போய்விடும். பார்ட் 2 ஆங்கிலத்தைக் கட்டுரை எழுதும் பாடமாக ஏற்பது அரிது. காம்போசிஷன் எனும் அந்தக் கட்டுரைப் பாடங்கள் இரண்டையும் இங்கேயே எடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டத்தின் அமைப்பு இதுதான். அசோசியேட் (இரண்டு வருடப் பட்டம்) 60 செமஸ்டர் கிரெடிட், பேச்சலர்ஸ் 120. குவார்ட்டர் முறைக் கல்லூரி என்றால் 180. அங்கே வாங்கிய 3 கிரெடிட் செமஸ்டர் முறைக் கல்லூரியில் 2 ஆகும். முதல் பகுதி ஜென் எட், அதாவது எல்லாருக்கும் கட்டாயமான பொதுப் பாடங்கள்: காம்போசிஷன் இரண்டு, கணிதம் ஒன்று, லேபோடு கூடிய அறிவியல், சமூக அறிவியல், கலை மற்றும் ஹியூமானிட்டீஸ், பல இடங்களில் மேடைப்பேச்சு. மாநிலச் சட்டமும் குறுக்கே வரும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் பொதுப் பாடங்கள் மட்டும் 42 கிரெடிட். அமெரிக்க வரலாறு 6, அரசாங்கம் 6 கிரெடிட் இல்லாமல் அங்கே பட்டம் இல்லை. ஊரில் எத்தனை வரலாறு படித்திருந்தாலும் சரி. அறிவியலில் லேப் இல்லாத 3 கிரெடிட் வகுப்பை ஆன்லைனில் எடுத்துவிட்டு, லேப் கட்டம் காலியாகவே இருப்பதைக் கடைசியில் பார்ப்பது அடிக்கடி நடக்கும் கூத்து. எந்த நிலை வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வு வைக்கும் கல்லூரிகளில், அதை அலட்சியமாக எழுதினால் 100க்குக் கீழ் எண்ணுள்ள தயாரிப்பு வகுப்பில் போடுவார்கள். அதற்குக் காசு உண்டு, பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது.

இனி அந்த 18 கிரெடிட். மொத்த எண்ணிக்கை ஒரு கணக்கு மட்டும்தான். பக்கத்தில் வேறு இரண்டு கணக்குகள் தனியாக ஓடுகின்றன: மேல்நிலை கிரெடிட், அந்தக் கல்லூரியிலேயே படித்த கிரெடிட். மேல்நிலை என்றால் 300, 400 எண்ணுள்ள பாடங்கள்; நான்கு இலக்க எண் என்றால் 3000, 4000. பேச்சலர்ஸுக்கு இவை 30 முதல் 45 வரை கேட்பார்கள். ஜெனரல் ஸ்டடீஸில் மேஜர் என்று ஒன்று இல்லாததால் பட்டத்துக்கு கனம் தருவது இந்தக் கட்டம்தான். இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ரெசிடென்சி எனப்படும் இரண்டாவது கணக்கு பெரும்பாலும் 30. சில இடங்களில் கடைசி 30ஆகவே இருக்க வேண்டும். மாநிலத்தில் குடியிருப்பதால் கட்டணம் குறையும் சலுகைக்கும் இதே பெயர்தான், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நண்பரின் கணக்கைப் பாருங்கள். ஊரில் படித்த ஒரு வருடத்துக்கு 30, கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) 60, கிளெப் தேர்வுகளில் (வகுப்புக்குப் போகாமல் தேர்வெழுதிக் கிரெடிட் வாங்கும் வழி) 12, பல்கலைக்கழகத்தில் மேல்நிலைப் பாடங்கள் ஆறில் 18. கூட்டினால் சரியாக 120. கல்லூரி கேட்டதோ மேல்நிலை 36, ரெசிடென்சி 30. ஊர்க் கிரெடிட் கீழ்நிலை என்றே பதிவானது. கிளெப் தேர்வில் கிடைப்பது பெரும்பாலும் கீழ்நிலை, ரெசிடென்சியிலும் சேராது. கம்யூனிட்டி காலேஜ் பாடம், பல்கலைக்கழகத்தில் 300 எண்ணில் நடக்கும் அதே பாடமாக இருந்தாலும் கீழ்நிலையாகவே நிற்கும்: பாடம் முடித்ததாக ஏற்பார்கள், மேல்நிலை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். ஆக மேல்நிலைக்கு 18 குறைவு, ரெசிடென்சிக்கு 12 குறைவு. மேல்நிலை 18ஐ அங்கேயே எடுத்தால் இரண்டும் நிரம்பும். கிரெடிட்டுக்கு 400 டாலர் என்று வைத்தாலும் 7,200 டாலர். பட்டம் வாங்கும்போது மொத்தம் 138 கிரெடிட். யாரும் பொய் சொல்லவில்லை. சேர்க்கைப் பிரிவில் ‘வேறு கல்லூரிகளில் படித்த 90 கிரெடிட் வரை ஏற்போம்’ என்றார்கள், ஏற்கவும் செய்தார்கள். எந்தக் கட்டத்தில் வைப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை, அவர்களாகச் சொல்லவும் இல்லை.

அதனால் சேருவதற்கு முன்பே, இதுவரை வாங்கிய கிரெடிட்டையெல்லாம் போட்டு டிகிரி ஆடிட் (எந்தத் தேவை நிரம்பியது, எது பாக்கி என்று காட்டும் அறிக்கை) ஒன்று கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியது மொத்தத்தை அல்ல. மேல்நிலை வரி, ரெசிடென்சி வரி, ‘பயன்படாத பாடங்கள்’ என்று கீழே கிடக்கும் பட்டியல், இந்த மூன்றையும்தான். ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு செய்யும் முன் மறுபடி எடுத்துப் பாருங்கள். ஆடிட் எந்த வருடத்துக் கேட்டலாகின்படி (கல்லூரியின் பாட, பட்ட விதிகள் உள்ள கையேடு) ஓடுகிறது என்பதையும் கவனியுங்கள். சேர்ந்த வருடத்து விதியே பொதுவாக உங்களுக்குப் பொருந்தும். இடையில் ஓரிரு செமஸ்டர் விட்டால் புது விதிக்கு மாற்றிவிடக்கூடும். அட்வைசர் வாயால் சொன்னதை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒரு பாடத்துக்குப் பதில் இன்னொன்றை ஏற்பதாகச் சொன்னால், அது ஆடிட்டில் ஏறும்வரை நம்பாதீர்கள். ஊரில் ஆபீஸில் நின்று நயமாகப் பேசி முடிக்கும் வேலையை இங்கே படிவமும் தேதியும்தான் முடிக்கும்.

மேல்நிலைப் பாடங்களைக் கடைசிக்கு ஒதுக்குவதும் தவறு. 300 எண் வகுப்புகள் பலவற்றுக்கு முன்தகுதிப் பாடம் உண்டு. மேஜர் மாணவர்களுக்கு மட்டும் என்று பூட்டியும் வைத்திருப்பார்கள். நம் ஆட்கள் உடனே கம்ப்யூட்டர் சயின்ஸ், கணக்கியல் பக்கம் ஓடுவார்கள். முன்தகுதிச் சங்கிலி மிக நீளமாக இருப்பது அங்கேதான். சமூகவியல், வரலாறு, தகவல் தொடர்பு, மானிடவியல் போன்றவற்றில் ஓர் அறிமுகப் பாடமே பெரும்பாலும் போதும். எனவே ஜென் எட் எடுக்கும்போதே, பின்னால் எந்த இரண்டு மூன்று துறைகளில் மேல்நிலை எடுக்கப் போகிறீர்களோ அவற்றின் அறிமுகப் பாடங்களாகப் பார்த்து எடுங்கள். ஒரே பாடம் இரண்டு கட்டங்களை நிரப்பலாம். கிரெடிட் மட்டும் ஒரு முறைதான் சேரும். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் பாடங்களைக் குறித்துவையுங்கள்.

கம்யூனிட்டி காலேஜில் தொடங்குபவர்களுக்கு இன்னொன்று. அசோசியேட் இன் ஜெனரல் ஸ்டடீஸ் என்ற பட்டம் பல மாநிலங்களில், கல்லூரிகள் ஒன்றின் கிரெடிட்டை மற்றொன்று ஏற்பதற்கான மாற்று ஒப்பந்தத்துக்குள் வராது. நான்கு வருடக் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் அசோசியேட் இன் ஆர்ட்ஸ் அல்லது சயின்ஸ்தான் பாதுகாப்பு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் எந்தப் பாடம் எங்கே மாறும் என்பதை அசிஸ்ட் தளத்தில் பார்க்கலாம்.

மதிப்பெண் விஷயத்தில் ஊர்ப் புத்தியை விட்டுவிடுங்கள். அரியர் எழுதி முடித்தால் எல்லாம் மறந்துபோகும் என்பது இங்கே இல்லை. தோல்விக்கான எஃப் கிரேடு டிரான்ஸ்கிரிப்ட்டில் நிற்கும். திரும்ப எடுத்தால் சராசரியிலிருந்து நீக்குவார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பட்டத்துக்கு ஜிபிஏ (கிரேடு சராசரி) பொதுவாக 2.0 போதும். ஆனால் காம்போசிஷனிலும் கணிதத்திலும் பெரும்பாலும் சி வேண்டும். டி வாங்கினால் மொத்தத்தில் சேரும், கட்டம் நிரம்பாது. வேறு கல்லூரிக்கு மாற்றும்போதும் சி கிரேடுக்குக் கீழ் உள்ளதைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். தடுமாறினால் டபிள்யூ (வகுப்பிலிருந்து விலகியதற்கான குறி) வாங்கும் கடைசித் தேதிக்குள் விலகிவிடுங்கள். எஃப்-1காரர்கள் 12க்குக் கீழே இறங்கும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

கடைசியாக, பட்டம் தானாக வராது. முடிக்கும் செமஸ்டருக்கு முந்தைய செமஸ்டரிலேயே விண்ணப்பம் கேட்கும் கல்லூரிகள் உண்டு. தேதி தவறினால் எல்லாம் முடித்திருந்தும் அடுத்த செமஸ்டரில்தான் பட்டம் பதிவாகும். மேடையில் அங்கி போட்டு நடந்து, ஊருக்குப் படமும் அனுப்பிய பிறகு ஆடிட் தோல்வி என்று கடிதம் வருவதும் உண்டு. விழாவுக்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. டிரான்ஸ்கிரிப்ட்டில் பட்டத்தின் பெயரும் வழங்கிய தேதியும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு அலுவலகத்தில் சொல்லுங்கள்.