அம்புத் தண்டைத் தணலில் காட்டி நிமிர்த்துவது

விஜயதசமிக்கு எங்கள் ஊர் அம்மன் கோயிலில் அம்பு போடுவார்கள். மியான்மரில் பெகு நகரத்துப் பக்கத்துக் கிராமம். 9 அம்பு வேண்டும். 14 வருடமாக நான்தான் செய்து கொடுக்கிறேன். முதல் வருடம் மூங்கிலைத் தணலில் காட்டாமல் கையாலேயே நிமிர்த்திப் பரணில் வைத்துவிட்டேன். மழை முழுவதும் ஈரம் குடித்து, புரட்டாசியில் எடுத்தபோது ஒன்பதும் பழைய கோணலுக்கே திரும்பியிருந்தன. அம்மன் கையில் வைத்த அம்பு கோணலாகப் போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

மழை விட்டபின் குளிர்காலத்தில் வெட்டுங்கள். சுண்டுவிரலைவிடச் சற்று மெல்லிசாக, அடியில் 9 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இளசு வேண்டாம், காய்ந்தால் சுருங்கிவிடும். 30 அங்குல அம்புக்கு 36 அங்குலம் நறுக்கி, இறுக்கக் கட்டி, நிழலில் 3 மாதம் காயவிடுங்கள்.

அப்புறம் தணல். கரி அடுப்பில் சுவாலையும் புகையும் அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்திருக்க வேண்டும். தண்டை ஒரு சாண் உயரத்தில் பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். ஒரு நொடி நிறுத்தினாலும் கருகும். மூங்கில் நாரைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். வேலையெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

முதலில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் உள்ள வளைவு. தொட முடியாத சூடு வந்ததும் எடுத்து, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து, ஆறும்வரை விடாமல் பிடியுங்கள். நான் இருபது எண்ணுவேன். அவசரப்பட்டுக் கையை எடுத்தால் கண்ணெதிரே திரும்பிப் போகும்.

கணுதான் முரண்டு பிடிக்கும். அதற்குப் படாக் என்ற கெட்டி மரத்தின் துண்டு ஒன்றில் சாய்வாகப் பள்ளம் வெட்டி, விளிம்பை மழுக்கி வைத்திருக்கிறேன். சுட்ட கணுவை அதில் கொடுத்து மெதுவாக நெம்ப வேண்டும். 'டிக்' என்று சத்தம் கேட்டால் நார் விட்டுவிட்டது. அந்தத் தண்டைத் தூக்கி எறியுங்கள். வில்லில் பூட்டினால் கையிலேயே ஒடிந்து குத்தும்.

ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பாருங்கள். நேராகத் தெரிந்தால் சரி, முழுத் தண்டையும் மறுபடி தணலில் உருட்டுங்கள், வைக்கோல் நிறம் மாறித் தேன் நிறம் வரும்வரை. மிச்ச ஈரம் போய்த் தண்டு விறைப்பது இதில்தான். மறுநாள் காலையில் ஒருமுறை பார்த்து, கோணியதை மட்டும் திருத்துங்கள்.

நாண் உட்காரும் வெட்டைக் கணுவை ஒட்டி அதற்கு வெளிப்பக்கம் போடுங்கள், பிளக்காது. தடித்த பக்கம் முனைக்கு.

கடைசியாக, பகானில் கிண்ணங்களுக்குப் பூசுகிறார்களே, அந்தத் தித்சி என்ற மரப்பால் அரக்கை மெல்லிசாக ஒரு பூச்சு. அது ஈரக்காற்றில்தான் இறுகும், வெயிலில் வைக்காதீர்கள். தோலில் பட்டால் அரித்துத் தடிக்கும். கைக்குத் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.