பிரைஸ் கேன்யன்: ஒரு நாள்தான் என்றாலும் கீழே இறங்குங்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்காவுக்கு முதல் முறை போனபோது விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த முறை கீழே இறங்கிய பிறகுதான் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று புரிந்தது.

லாஸ் வேகஸிலிருந்து காரில் நான்கு மணி நேரம். யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். அதனால் முந்தின இரவே பூங்கா வாசலுக்குப் பக்கத்தில் தங்கிவிடுங்கள். பாறைகள் கிழக்குப் பார்த்து இருக்கின்றன. காலை வெயில் பட்டால்தான் அந்த ஆரஞ்சு நிறம் பற்றி எரியும். சன்செட் பாயின்ட் என்ற பெயரை நம்பி மாலையில் போனால் பள்ளம் நிழலில் கிடக்கும். விடியலுக்குப் பிரைஸ் பாயின்ட் போங்கள்.

அப்புறம் நடை. சன்ரைஸ் பாயின்டிலிருந்து குயின்ஸ் கார்டன் பாதை வழியாக இறங்கி, நவாஹோ லூப் பாதையில் ஏறி சன்செட் பாயின்டில் வெளியே வாருங்கள். மொத்தம் 2.9 மைல், இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். இந்தத் திசையில் போனால் இறக்கம் சாய்வாக இருக்கும், முழங்கால் தப்பிக்கும். கடைசி ஏற்றம் செங்குத்துதான். இடம் 8,000 அடி உயரம், கொடைக்கானலைவிட ஆயிரம் அடி கூட. மூச்சு வாங்கினால் நின்று நின்று ஏறுங்கள். அடி பிடிக்கும் ஷூ கட்டாயம். சரளையில் செருப்பு வழுக்கும்.

கீழே ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். இது ஆறு அரித்த பள்ளத்தாக்கு இல்லை. விரிசலில் இறங்கும் தண்ணீர் இரவில் உறைந்து ஒன்பது சதவீதம் பருத்துப் பாறையைப் பிளக்கிறது. பகலில் உருகி இன்னும் உள்ளே இறங்குகிறது. மேலே கெட்டியான கல் தொப்பிபோல மூடியிருக்கும் இடம் தூணாக நிற்கிறது, மற்றதெல்லாம் கரைந்து போகிறது. இந்தத் தூண்களைத்தான் ஹூடூ என்கிறார்கள். நவாஹோ லூப்பில் வரும் வால் ஸ்ட்ரீட் என்ற இடுக்கில் இரண்டு சுவர்களுக்கு நடுவே வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென வளர்ந்த டக்ளஸ் ஃபிர் மரங்களைத் தவறவிடாதீர்கள். குளிர்காலத்தில் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். அப்போது அதே லூப்பின் மறுபக்கமான டூ பிரிட்ஜஸ் வழியாக ஏறலாம்.

பெரியவர்கள் கூட வந்தால் கவலை வேண்டாம். சன்ரைஸ், சன்செட் பாயின்டுகளுக்கு இடையே அரை மைல் தார்ப்பாதை, ஏறக்குறைய சமதளம். நாங்கள் கீழே போயிருந்த நேரம் முழுக்க அம்மா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும், "இத்தனை புற்றா! பாம்பு இருக்குமாடி?" என்று கேட்டார். அதன் பிறகு எனக்கும் எல்லாம் புற்றாகத்தான் தெரிகிறது.

கையில் கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு மதியம் காரை எடுங்கள். 18 மைல் சாலையில் எங்கும் நிற்காமல் கடைசியில் இருக்கும் ரெயின்போ பாயின்டுக்குப் போய்விடுங்கள். காட்சி முனைகள் எல்லாம் கிழக்குப் பக்கம் என்பதால், திரும்பும்போது வலது கைப்பக்கமாகவே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். நேரம் குறைவென்றால் நேச்சுரல் பிரிட்ஜ், அகுவா கேன்யன் போதும்.

இருட்டிய பிறகு ஒரு மணி நேரமாவது இருங்கள். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். நிலா இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும்.