சனிக்கிழமைக் கூலியும் சதுரடிக் கணக்கும்

வீடு கட்டி முடித்தவர்களிடம் எதில் ஏமாந்தீர்கள் என்று கேட்டால் சிமெண்ட், கம்பி என்பார்கள். எனக்கு அதிகம் போனது பேசாமல் விட்ட பேச்சில்தான்.

கட்டித் தரும் மேஸ்திரியிடம் "சதுரடிக்கு இவ்வளவு" என்று முடிப்போம். எது எது சதுரடிக்குள் வரும் என்று கேட்க மாட்டோம். சேலம் அழகாபுரத்தில் நாங்கள் கட்டியபோது, மாடிப்படி ஹெட்ரூம் (படிக்கு மேலே மொட்டை மாடியில் வரும் சிறு அறை) முழுக் கணக்கா பாதியா என்பதைக் கடைசி பில் வரும்வரை இரண்டு தரப்பும் வாயே திறக்கவில்லை. போர்டிகோ, சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், செப்டிக் டேங்க் எல்லாம் இதே கதைதான். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்கு லிட்டர் கணக்கு என்பார் ஒருவர், சதுரடியிலேயே அடக்கம் என்பார் இன்னொருவர். இரண்டுமே நடைமுறையில் உண்டு. உங்களுக்கு எது என்பதைக் கடைக்கால் தோண்டும் முன்பே எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நடுவில் ஜன்னலை நகர்த்தினாலும், அலமாரி கூட்டினாலும் அன்றைக்கே அதே நோட்டில் ஏற வேண்டும்.

அடுத்தது பணம். சனிக்கிழமை மதியம் மேஸ்திரி வருவார்: "இந்த வாரம் மட்டும் கொஞ்சம் சேர்த்துக் குடுங்க சார், அடுத்த வாரம் கழிச்சுக்கலாங்க." பொய் சொல்கிறார் என்றில்லை. அந்தப் பணம் வேறு சைட் பாக்கிக்குப் போய்விடும், திங்கட்கிழமை நம் சைட்டில் சித்தாள்கூட இருக்க மாட்டார். பேஸ்மென்ட் (தரை மட்டம் வரை), லிண்டல் (கதவு, ஜன்னல் தலைக்கட்டு வரை), ரூஃப், பூச்சு என்று நிலை பிரித்து, முடிந்ததை டேப் பிடித்து அளந்த பிறகு அந்த நிலைக்குப் பணம் கொடுங்கள். வாரக் கூலியை நிறுத்த முடியாதுதான். அதை அந்த நிலையின் தொகையிலேயே கழித்துக்கொண்டு வாருங்கள். மொத்தத் தொகையில் ஐந்து சதவீதத்தை ஒரு ஐப்பசி மழை பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

ரூஃப் கான்கிரீட் அன்று டீ, வடை வாங்கிக் கொடுத்துவிட்டு விருந்தாளி மாதிரி நிற்காதீர்கள். கலவை இளகலாக இருந்தால் கொட்டுவது சுலபம் என்பதால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், கான்கிரீட்டின் பலம் குறைந்துவிடும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றினாலே நீர்-சிமெண்ட் விகிதம் 0.5 வந்துவிடும், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும்.

கான்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் விட்டு ஈரமாக வைப்பதில் (க்யூரிங்) ஏற்காட்டில் வேறு மாதிரி. "பனிதான் இறங்குதே, எதுக்குங்க தண்ணி?" என்பார்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-இன்படி ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லண்ட்) சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி.க்கு (சாம்பல் போன்ற பொசோலானா கலந்தது) 10 நாள் ஈரம் காயக் கூடாது. ரூஃபைத் தாங்கும் முட்டை எடுப்பதற்கும் கணக்கு உண்டு: தாங்கும் சுவருக்குச் சுவர் இடைவெளி 4.5 மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14. ஆனால் இது ஓ.பி.சி.க்கு, அதுவும் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்துக்கு. மார்கழி இரவில் ஏற்காடு அதற்கும் கீழே போகும், கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். எத்தனை நாள் கூட விடுவது என்று என்ஜினியரிடம் கேளுங்கள்.

கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் சென்ட்ரிங் தகடுக்கு நாள் வாடகை ஓடுவதால் மேஸ்திரி பிரிக்கத்தான் அவசரப்படுவார். அந்தக் கூடுதல் நாள் வாடகை யார் தலையில் என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.