நெட் எடுக்கறதுக்கு முன்னாடி தெருக் கம்பத்த ஒரு தடவ அண்ணாந்து பாருங்க

எங்க தெருவுக்கு, சேலம் அழகாபுரத்துல, புதுசா ஒரு தம்பி குடி வந்திருக்கான். பால் பாக்கெட் வாங்கப் போனப்ப பிடிச்சுக்கிட்டான், "அண்ணா, எந்த நெட்டுண்ணா போடலாம், ஜியோவா ஏர்டெல்லா பிஎஸ்என்எல்லா, இல்ல கேபிள்காரர் தர்றதா?"ன்னு. இந்தக் கேள்விய மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்கறாங்க. நான் சொல்ற பதில் ஒண்ணுதான்: வெளிய போய் உன் வீட்டுக்கு முன்னாடி இருக்கற கம்பத்த அண்ணாந்து பாரு.

வெளையாட்டுக்கு சொல்லலங்க. கம்பத்துல சின்ன சின்னதா கருப்பு டப்பா, வெள்ள டப்பா தொங்கும், ஒவ்வொண்ணும் ஒரு கம்பெனியோடது, அதுலருந்துதான் மெல்லிசா ஒயர் வீடு வீடா போகும். எந்த டப்பாலருந்து உங்க தெருவுல நெறைய வீட்டுக்கு ஒயர் போகுது, டப்பா மூடி ஒழுங்கா மூடியிருக்கா, இல்ல வாயப் பொளந்துகிட்டு மழைல நனையுதா, மிச்ச ஒயர சுருட்டி கட்டியிருக்காங்களா இல்ல லாரி வந்தா மாட்டற மாதிரி தொங்க விட்டிருக்காங்களா, இதெல்லாம் பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிரும். மீதி பாதிக்கு பக்கத்துல மூணு வீட்டுல கேளுங்க. "நெட் எப்படிங்க இருக்கு"ன்னு மட்டும் கேக்காதீங்க, நம்ம ஊர்ல யார கேட்டாலும் "பரவால்லங்க"ம்பாங்க. "கடைசியா எப்ப நின்னுச்சு, சரி பண்ண எத்தன நாள் ஆச்சு, யார் வந்து பாத்தாங்க"ன்னு கேளுங்க.

ஏன் இப்படின்னா, ஃபைபர் வர்ற விதம் அப்படி. கம்பெனியோட ஆபீஸ்லயோ இல்ல அவங்க ஏரியா ஆளோட ரூம்லயோ ஓஎல்டின்னு ஒரு பெட்டி இருக்கும், அதுலருந்து கிளம்பற ஒரே ஒரு கண்ணாடி இழைய வழில ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிப்பாங்க. இப்படி பிரிச்சு குடுக்கறதுக்கு ஜிபான்னு பேரு, சாதாரண ஜிபான் லைன்ல அந்த இழை ஒண்ணுல மொத்தமா கீழ வர்றது சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேல போறது அதுல பாதி. அத எல்லா வீடும் பங்கு போட்டுக்கணும். அதனால ஃபேர்லேண்ட்ஸ்ல பட்டையக் கிளப்பற அதே கம்பெனி கொண்டலாம்பட்டில இழுத்துக்கிட்டு கெடக்கலாம், அதே கம்பெனி கோரிமேட்டுல சூப்பரா இருக்கலாம். உங்க மச்சான் சென்னைல வச்சிருக்கற கனெக்ஷன பத்தி அவர் சொல்ற விமர்சனம் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

எங்க வீட்டு கதைய சொல்றேன். ஒரு ஐப்பசி மழைல நெட் விட்டு விட்டு வந்துச்சு, அப்பறம் சுத்தமா போச்சு, மோடத்துல எல்ஓஎஸ்னு எழுதியிருக்கற லைட் செவப்பா கண்ணடிச்சுகிட்டே இருந்துச்சு. (அந்த லைட் செவப்பா வந்துட்டா ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்றதெல்லாம் சும்மா நம்ம மன திருப்திக்கு, வெளிச்சமே வீடு வந்து சேரலன்னு அர்த்தம்.) கம்ப்ளெயின்ட் போட்டேன், மறுநாளே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ், இங்க லைட் இன்னும் செவப்பு. மறுபடி போட்டேன். மூணாவது நாள் பைக்ல ஒரு பையன் வந்தான், தோள்ல ஏணி, பையில தீப்பெட்டி மாதிரி ஒரு பவர் மீட்டர், ஒயர்ல எவ்ளோ வெளிச்சம் வருதுன்னு அளக்கறது. ஒயர புடுங்கி அதுல சொருகுனான், மைனஸ் 31 காட்டுச்சு. "பவரே இல்லண்ணா"ன்னுட்டு கம்பத்துல ஏறி டப்பாவ தொறந்தா உள்ள தண்ணி, ஓரத்துல எறும்புக் கூடு. பழைய ஜாயின்ட்ட வெட்டி எறிஞ்சுட்டு கண்ணாடி இழைய ஸ்பிரிட்ல தொடச்சு, ஸ்ப்ளைசிங் மிஷின்ல வச்சான், குட்டி ஸ்கிரீன்ல ரெண்டு கோடு மெதுவா கிட்ட கிட்ட வந்து ஒட்டிக்கிச்சு. திரும்ப மீட்டர்ல பாத்தா மைனஸ் 20. பத்து நிமிஷ வேலை, அதுக்கு மூணு நாள்.

அன்னிக்கு அந்தப் பையன்கிட்ட கத்துக்கிட்டது: மைனஸ்ல நம்பர் பெருசாக பெருசாக வெளிச்சம் கம்மி, 20லருந்து 30க்கு போனா வெளிச்சம் பத்துல ஒரு பங்காயிடும். மைனஸ் 15லருந்து 24க்குள்ள வந்தா நிம்மதி, 27 தாண்டுனா தலைவலி ஆரம்பம். அதனால புது கனெக்ஷன் போட வர்ற ஆள்கிட்ட "பவர் எவ்ளோ வருதுங்க, மீட்டர காட்டுங்க"ன்னு கேட்டு அந்த நம்பர மோடத்துக்கு பின்னாடி மார்க்கர்ல எழுதி வச்சிருங்க. நாளைக்கு பிரச்சனைன்னு வரப்ப "போட்டப்ப 19 இருந்துச்சு, இப்ப 28 வருது"ன்னு சொன்னா எவனும் ரவுட்டர் மேல பழி போட முடியாது. அப்படியே அந்த ஆளோட நம்பரையும் வாங்கிக்கோங்க, கால் சென்டர விட அது பல மடங்கு உபயோகம்.

அடுத்து காசு. விளம்பரத்துல போடற வெல ஜிஎஸ்டி இல்லாம போடறது, மேல 18 சதவீதம் வரும். 399ன்னு போட்டிருந்தா நீங்க கட்டறது 470.82, 499ன்னா 588.82. இன்ஸ்டலேஷன் எவ்ளோ, ரவுட்டர் நமக்கே சொந்தமா இல்ல திருப்பித் தரணுமா, டெபாசிட் உண்டா, உண்டுன்னா எப்ப திரும்ப வரும், இத நாலையும் கேட்டு வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கோங்க, வாய்ல சொல்றது காத்தோட போயிரும். ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா ரெண்டு மாசம் ஃப்ரீன்னு ஆச காட்டுவாங்க. நான் ஒருதடவ அதுல விழுந்தேன், எந்த கம்பெனின்னு வேணாம், பணம் கட்டி நாலாவது மாசம் எங்க ஏரியா எடுத்திருந்த ஆள் கடைய மூடிட்டு போயிட்டாரு, கம்பெனி "ஃபிரான்சைஸிகிட்ட பேசுங்க"ங்குது, ஃபிரான்சைஸி போன் ஸ்விட்ச் ஆஃப். எட்டு மாச காசு அவுட். மொதல்ல ஒரு மாசம், மிஞ்சிப் போனா மூணு மாசம் கட்டி பாருங்க, ஒரு மழைக்காலம் தாண்டட்டும், அப்பறம் வருஷ பேக்க யோசிக்கலாம்.

ஸ்பீடு விஷயத்துல நம்மாளுங்க தேவைக்கு மேல வாங்கறாங்கன்னுதான் தோணுது. 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 100 எம்பி டவுன்லோடு ஆகும்னு நெனச்சு சண்ட போடறவங்க இருக்காங்க, அது பிட் கணக்கு, எட்டால வகுக்கணும், 12.5 எம்பிதான் வரும். டிவில ஒரு 4கே படம் ஓட 25 இருந்தா தாராளம், வீடியோ கால், பசங்க ஆன்லைன் கிளாஸ் எல்லாம் நாலஞ்சுல முடிஞ்சிரும். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு 50லருந்து 100 போதும். வீட்டுலருந்து ஐடி வேல பாக்கறவங்களோ, வீடியோ ஏத்தறவங்களோ இருந்தா டவுன்லோட விட அப்லோடு எவ்ளோன்னு கேளுங்க, அத பத்தி விளம்பரத்துல ஒரு வார்த்த இருக்காது. அன்லிமிடெட்ங்கறதும் பேருக்குத்தான், நெறைய பிளான்ல 3300 ஜிபி முடிஞ்சா ஸ்பீட குறைச்சிருவாங்க, ஆனா அது ஒரு நாளைக்கு 110 ஜிபி, சாதாரண வீட்டுல அவ்ளோ ஆகாது. லோக்கல் பிளான்ல சிலது 500லயே நிக்கும், அத மட்டும் பாத்துக்கோங்க. ஓடிடி ஃப்ரீங்கறது எல்லாம் அந்த ஆப்ப ஏற்கனவே காசு குடுத்து பாக்கறவங்களுக்கு லாபம், மத்தவங்களுக்கு தட்டுவடை செட்டுக்கு ஓரமா வைக்கற வெங்காயம் மாதிரி.

இன்னொண்ணு, பாதி பேர் திட்டறது நெட்ட, தப்பு வைஃபைல. செவ்வாய்ப்பேட்டை, குகை பக்கமெல்லாம் பழைய வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமா போகும், செவுரும் முக்கா முழம் தடிமன். ஒயர் வாசல் வழியா வருதுன்னு வாசல் ரூம்லயே ரவுட்டர மாட்டிட்டு போயிருவாங்க, கடைசி ரூம்ல படிக்கற புள்ளைக்கு ஒரு கோடு கூட எடுக்காது. நடு ரூம் வரைக்கும் ஒயர இழுக்க சொல்லுங்க, கூட கொஞ்சம் கேட்டா குடுங்க. வைஃபைல ரெண்டு அலைவரிசை உண்டு, 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் ஆனா செவுரு சரியா தாண்டாது, 2.4 மெதுவு ஆனா தாண்டும், ரெண்டும் இருக்கற டூயல் பேண்ட் ரவுட்டர்தான் வேணும்னு சொல்லுங்க, சிங்கிள் பேண்ட் தள்ளி விட்டா வாங்காதீங்க. ஸ்பீடு டெஸ்ட் பண்றதும் லேப்டாப்ல லேன் ஒயர் சொருகி, ராத்திரி எட்டரை ஒம்பது மணிக்கு பண்ணுங்க. காலைல பதினோரு மணிக்கு எந்த கம்பெனியும் நல்லாத்தான் ஓடும்.

இப்ப போனுக்கு வர்றேன், இதுலதான் பெரியவங்க ஏமாறாங்க. பழைய காப்பர் லைன் போனுக்கு கரண்ட் எக்ஸ்சேஞ்ச்லருந்தே வரும், 48 வோல்ட், அதனால ஊரே இருட்டா இருந்தாலும் போன் அடிக்கும். ஃபைபர் போன் அப்படி இல்ல, மோடத்துக்கு கரண்ட் போனா போனும் போச்சு. மாசாந்திர பராமரிப்புன்னு ஒம்பதுலருந்து அஞ்சு வரைக்கும் ஈபி நிறுத்தறப்ப வயசானவங்க தனியா இருந்தா கஷ்டம். மோடம் அடாப்டர்ல 12 வோல்ட்டுன்னும் எத்தன ஆம்பியர்னும் எழுதியிருக்கும், அதுக்கு ஏத்த மினி யுபிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டிருங்க, ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும். முழு நாளுக்கு இன்வர்ட்டர்தான்.

அப்பறம் நம்பர். மொபைல் நம்பர 1900க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி வேற கம்பெனிக்கு மாத்திக்கலாம், லேண்ட்லைனுக்கு அந்த வசதி இந்தியாவுல கெடையாது. 0427ன்னு ஆரம்பிக்கற உங்க பழைய நம்பர் பிஎஸ்என்எல்லோடதுன்னா, பிஎஸ்என்எல் ஃபைபருக்கே மாறுனா நம்பர் நிக்கும், வேற கம்பெனி போனா போயிரும். வெள்ளிக் கொலுசு பட்டறை, கடை வச்சிருக்கறவங்க போர்டுலயும் பில்புக்லயும் முப்பது வருஷமா இருக்கற நம்பர நூறு ரூபா மிச்சம்னு விட்டுறாதீங்க. எங்கம்மாவுக்கு நான் செஞ்சது அதுதான்: பழைய போன் பெட்டியவே மோடத்துல போன் ஓட்டைல சொருகிட்டோம், அதே நம்பர், அதே மணி சத்தம். ஒரே ஒரு சிக்கல், லேண்ட்லைன்லருந்து மொபைலுக்கு அடிக்க முன்னாடி ஒரு 0 போடணும், 2021 ஜனவரிலருந்து அப்படித்தான், அம்மா அத மறந்துட்டு இன்னும் "நீ எடுக்கவே மாட்டேங்கற"ம்பாங்க.

ஏற்காட்டுக்காரங்களுக்கு கதை வேற. எங்க சித்தப்பா நாகலூர் போற வழில இருக்காரு, காப்பித் தோட்டத்துக்கு நடுவுல வீடு. அங்க ஃபைபர் மரத்துக்கு மரம் தாவி வருது, ஒரு சில்வர் ஓக் கெள முறிஞ்சா அவ்ளோதான், 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலை ரோட்டுலயே மண்ணு சரிஞ்சப்ப ஒயரெல்லாம் எம்மாத்திரம். மேல கனெக்ஷன் குடுக்கறவங்ககிட்ட ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: உங்க லைன் அடிவாரம் வழியா கொண்டை ஊசி ரோட்டுல மட்டும் வருதா, இல்ல குப்பனூர் பக்கமும் ஒரு வழி இருக்கா? ரெண்டு வழி இருக்கறவங்களா பாத்து எடுங்க. சித்திரை வைகாசி இடிக்கு கண்ணாடி இழைல மின்சாரம் வராது, ஆனா கரண்ட் ஒயர் வழியாவும் வெளிய ஓடற லேன் ஒயர் வழியாவும் வந்து மோடத்த கருக்கிரும், மேகம் கறுத்துச்சுன்னா பிளக்க புடுங்கிருங்க.

ஃபைபரே வராத எடத்துக்கு ஏர்ஃபைபர் இருக்கு, மொட்டமாடில ஒரு ஆன்டெனா, டவர்லருந்து 5ஜி. மூடுபனிய விட அதுக்கு எதிரி மரமும் மலை முகடும்தான், அதுவும் நனஞ்ச எல. எடுக்கறதுக்கு முன்னாடி அதே கம்பெனி சிம் போட்ட 5ஜி போன எடுத்துக்கிட்டு ஆன்டெனா வர வேண்டிய எடத்துல நின்னு காலைல, மத்தியானம், ராத்திரி மூணு தடவ டெஸ்ட் பண்ணுங்க, மழை நாள்ல ஒரு தடவ. டேட்டாவும் இதுல ஃபைபர விட கம்மி, பெரும்பாலும் 1000 ஜிபி. வீட்டுக்குள்ள மொபைல் டவர் எடுக்காத பள்ளத்துல இருக்கறவங்க, நெட் வந்ததும் போன் செட்டிங்ஸ்ல வைஃபை காலிங்க (டவருக்கு பதிலா வைஃபை வழியா பேசறது) ஆன் பண்ணிக்கோங்க, தனி போன் லைனே தேவையில்ல. சித்தப்பா பத்து வருஷமா கேட் வரைக்கும் நடந்து போய் பேசிக்கிட்டிருந்தாரு, இப்ப கட்டில்ல படுத்துகிட்டே சத்தம் போடறாரு.

சரியா வரலன்னா சும்மா திட்டிட்டு உக்காராதீங்க. கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்குங்க, தீரலன்னா அதே கம்பெனியோட அப்பீல் அதாரிட்டிக்கு போடுங்க, ஒவ்வொரு கம்பெனியும் வச்சிருக்கணும்னு விதி. டிராய்க்கு, அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, எழுதறவங்க நெறைய, டிராய் தனி ஆளோட புகார எடுக்காது, அதுக்கு தொலைத்தொடர்புத் துறையோட குறைதீர்ப்பு போர்ட்டலும் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனும் இருக்கு. விட்டுட்டு போறப்ப ரவுட்டர திருப்பிக் குடுத்தா சீரியல் நம்பரோட போட்டோ எடுத்து, வாங்குன ஆள்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுல கையெழுத்து வாங்கிருங்க, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு பில் வரும்.

நேத்து சாயந்திரம் அந்தத் தம்பி கம்பத்த போட்டோ புடிச்சு அனுப்பியிருந்தான். மூணு டப்பா. நடு டப்பாவுக்கு மூடியே இல்ல, பிளாஸ்டிக் கவர் சுத்தி சணல்ல கட்டியிருக்காங்க. "இதுதான்ணா இருக்கறதுலயே சீப்பு"ன்னு கீழ எழுதியிருந்தான். மத்த ரெண்டுல எதிர் வீட்டு அக்கா வச்சிருக்கறத எடுன்னேன்.