வாய்க்காலில் பார்ஷல் ஃப்ளூம்: அளவு கூடுதலாகக் காட்டியதைச் சரிசெய்தது

காரைக்குடிப் பக்கம் கண்மாய் மடைக்குக் கீழே, வயல் வாய்க்காலில் 3 அங்குல பார்ஷல் ஃப்ளூம் வைத்தோம். ஓடும் நீரின் அளவைக் கணக்கிட உதவும், நடுவில் குறுகிய திறந்த தொட்டி அது. குறுகிய பகுதிதான் தொண்டை, 3 அங்குலம் அதன் அகலம். மேற்பக்க அளவுகோலில் 16 செ.மீ. கணக்குப்படி நொடிக்கு 10.3 லிட்டர். ஆனால் தொண்டைக்குக் கீழ்ப்பக்க அளவும் 11 செ.மீ. இருந்தது, அதாவது மேல் அளவில் 69%. இந்த அளவு ஃப்ளூமுக்கு 50%-க்குமேல் போனால், கீழே தேங்கும் நீர் மேல்மட்டத்தைத் தூக்கிவிடும். உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

ஃப்ளூமை எடுத்து, அடியில் களிமண் மெத்தி 4 செ.மீ. உயர்த்தினோம். ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். ஃப்ளூமின் தரைமட்டம் சாய்ந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. இப்போது மேலே 15, கீழே 7, 47%. நொடிக்கு 9.4 லிட்டர். இதுதான் நம்பத்தக்க அளவு.

ஃப்ளூமே 4 செ.மீ. உயர்ந்ததால், அளவுகோலில் 1 செ.மீ. குறைந்தாலும் மேற்பக்க நீர்மட்டம் 3 செ.மீ. ஏறும், கரை தாழ்ந்த இடத்தில் வழியும். முதலில் அதைக் கட்டுங்கள். செம்மண் மட்டும் போட்டால் பக்கவாட்டில் அரித்துக் குமிழ் குமிழாக ஊறும். கண்மாய்க் களிமண்ணை மிதித்து அடைத்து, ஓரத்தில் மண் நிரப்பிய சாக்கை வையுங்கள். கீழே கோரை மண்டினால் விகிதம் மறுபடி ஏறும். ஒவ்வொரு முறையும் இரண்டு அளவையும் குறியுங்கள்.