ஃபேன் மாற்றுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்: கோடை கரண்டு பில்லுக்கு ஒரு செய்முறை

கோடையில் கரண்டு பில்லைக் குறைக்க என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மீட்டருக்கு முன்னால் உட்காருங்கள். பிளக்கில் சொருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டியை விற்கிறார்களே, அதை மட்டும் எந்தக் காலத்திலும் வாங்காதீர்கள். உள்ளே ஒரு கெப்பாசிட்டரும் ஒரு எல்.இ.டி. விளக்கும்தான் இருக்கும். வீட்டு இணைப்புக்கு யூனிட் கணக்கில்தான் பில் வருகிறது. கெப்பாசிட்டர் அந்தக் கணக்கை அசைக்காது.

இங்கே மதுரையில் சித்திரைத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஊர் திரும்பும் நேரத்தில் அக்னி நட்சத்திரம் வந்துவிடும். இரண்டும் ஒரே ரீடிங்கில் விழுந்தால் 500 யூனிட்டைத் தாண்டுவது சுலபம். அந்த 500தான் உண்மையான சுவர். 2022 செப்டம்பர் கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.25, 201 முதல் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். 501 ஆனால் 2.25 சலுகை காணாமல் போய், 101லிருந்தே 400 வரை 4.50 கணக்கு, 500 வரை அதே 6, 500க்கு மேல் 8 ரூபாய். மொத்தம் 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அது பழைய பட்டியல், அதன்பின் விகிதம் ஏறியிருக்கிறது. இன்றைய விகிதத்தைப் போட்டு இதே கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

படி 1: ரீடிங்கைப் படம் எடுங்கள்

கணக்கெடுக்க வந்துபோன அன்றைக்கு ஒன்று, அப்புறம் ஞாயிறுதோறும் ஒன்று. செல்போன் படம் போதும், அதிலேயே தேதி இருக்கும். ஆப் எல்லாம் வேண்டாம்.

படி 2: சிவப்பு விளக்கின் சிமிட்டலை எண்ணுங்கள்

எலெக்ட்ரானிக் மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். அதன் பக்கத்திலோ மேலேயோ 3200 அல்லது 1600 போல ஒரு எண்ணும், 'இம்ப் / கிலோவாட் ஹவர்' என்பதற்கான ஆங்கில எழுத்துகளும் இருக்கும். அத்தனை தடவை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை என்று எண்ணி, 60ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் வீடு அந்த நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று வந்துவிடும். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு 32 சிமிட்டல் என்றால் 0.6 கிலோவாட், அதாவது 600 வாட்.

இப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். 75 வாட் பழைய சீலிங் ஃபேன், அதே 3200 மீட்டரில், நிமிடத்துக்கு நான்கு தடவை சிமிட்டும். 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடுகிற புதுவகை) இரண்டு நிமிடத்துக்கு மூன்று. ஒரு ஹெச்.பி. மோட்டார் 746 வாட் என்று எழுதியிருந்தாலும் இழப்பையும் சேர்த்து 1000 வாட் பக்கம் இழுக்கும். விளக்கு கிட்டத்தட்ட நொடிக்கொரு தடவை அடித்துக்கொள்ளும். தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தத்தைக் கேட்ட பிறகும் மோட்டாரை அணைக்க மறக்கிற வீட்டில் இதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அறிவுரையை விட நன்றாக வேலை செய்யும்.

படி 3: எல்லாம் அணைந்த பிறகும் சிமிட்டினால்

என்னை அதிக நேரம் குழப்பியது இந்தப் படிதான். மெயினை அணைக்காமல், வீட்டிலுள்ள ஒவ்வொரு சுவிட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக், வைஃபை பெட்டி, செட்டாப் பாக்ஸ், கொசுவத்தி மெஷின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இன்வெர்ட்டருக்குப் போகிற மெயின் சுவிட்சையும் அணைக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் கணக்கு தப்பும். பிறகு ஐந்து நிமிடம் மீட்டரையே பாருங்கள். சிமிட்டல் நின்றிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நிற்கவில்லை. சில நேரம் சிமிட்டாது, சில நேரம் பத்து நிமிடம் விடாமல் சிமிட்டும். கூடவே 'எர்த்' என்று எழுதியிருக்கிற இன்னொரு சின்ன விளக்கும் எரிந்தது. வயரில் எங்கோ கசிவு என்று பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், போர்டைத் திறக்காமலே கீழ்வீட்டைக் காட்டி, "ஓனர் அண்ணன மோட்டாரப் போடச் சொல்லுங்க தம்பி" என்றார். கீழே மோட்டார் ஓட ஆரம்பித்ததும் மாடியில் எங்கள் மீட்டர் சிமிட்டியது. மோட்டாரை நிறுத்தியதும் நின்றது. அந்த மோட்டார் எங்கள் இணைப்பில் இல்லவே இல்லை.

விஷயம் இதுதான். போகிற வயர் ஃபேஸ், திரும்புகிற வயர் நியூட்ரல். இரண்டிலும் ஒரே அளவு கரண்டு ஓட வேண்டும். திருட்டைத் தடுக்க இப்போதைய சிங்கிள் ஃபேஸ் மீட்டர்கள் இரண்டையும் தனித்தனியாக அளந்து, எது அதிகமோ அதற்குக் கணக்கெழுதும். ஓனர் வீடு, மாடிப் போர்ஷன் என்று ஒரே கட்டடத்தில் தனித்தனி மீட்டர் வைத்து, பின்னாளில் மாடிப்படி விளக்கு, மோட்டார், பாத்ரூம் பாயின்ட் என்று ஒவ்வொன்றாக வயர் இழுக்கும்போது, பக்கத்தில் எந்த நியூட்ரல் கிடைத்ததோ அதில் முறுக்கிவிடுவார்கள். விளக்கு எரியும், மோட்டார் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கீழ்வீட்டு மோட்டாரின் கரண்டில் ஒரு பங்கு எங்கள் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது; எங்கள் மீட்டர் அதை எங்கள் செலவாக எழுதுகிறது. யாரும் திருடவில்லை. சண்டை போட வேண்டியதும் இல்லை. நியூட்ரலைப் பிரித்துக் கட்டினால் தீர்ந்தது.

செல்லூர், வில்லாபுரம், ஆனையூர் என்று மாடிப் போர்ஷன் வாடகைக்கு விடுகிற தெருக்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். சோதிப்பது மட்டும்தான் நம் வேலை. நியூட்ரலைப் பிரிக்கிற வேலை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனுடையது, அதுவும் இரண்டு வீட்டு மெயினையும் அணைத்துவிட்டு. ஒரு வீட்டு மெயினை மட்டும் அணைத்துவிட்டு, கலந்திருக்கிற நியூட்ரலைக் கழற்றினால், அடுத்த வீட்டு மோட்டாரின் கரண்டு அவர் கையில் இருக்கும்.

பக்கத்து வீட்டில் எது ஓடினாலும் ஓடாவிட்டாலும் சிமிட்டல் நிற்கவில்லை என்றால் அது உண்மையான கசிவாக இருக்கலாம். அப்போது டி.பி. பாக்ஸில், அதாவது வீட்டு லைன்கள் பிரிகிற பெட்டியில், எம்.சி.பி. என்கிற தானியங்கி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கும்போது நிற்கிறதோ அந்த வரிசையை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஈரம் ஏறிய சுவருக்குள் போகிற வயர், மொட்டை மாடியில் வெயிலில் வெடித்துப்போன மோட்டார் வயர், இந்த இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: ஆர்.சி.சி.பி.

எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஷாக்கிலிருந்து காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நொடியின் ஒரு துளிக்குள் அது விழுந்து கரண்டை நிறுத்திவிடும். ஆகவே நியூட்ரல் கலந்த வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டினால் அடிக்கடி விழும். "இது சரிப்பட்டு வராது" என்று நேரடியாக வயரை இணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்ய விடாதீர்கள். விழுவது அதன் குறை இல்லை, வயரிங்கின் குறை. முந்தின படியை முடித்துவிட்டு மாட்டினால் சத்தமில்லாமல் இருக்கும். அதில் 'டி' என்ற ஆங்கில எழுத்து போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். ஃபேன் மாற்ற வைத்திருக்கிற காசில் முதலில் இதை வாங்குங்கள் என்பேன். டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும் 30 என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 100, 300 என்றெல்லாம் தருவார்கள், அவை ஆளுக்கானவை இல்லை.

ஏர் கூலர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மதுரைக் காற்றில் சென்னை அளவு ஈரப்பதம் இல்லாததால் கூலர் இங்கே நன்றாகவே வேலை செய்யும், ஜன்னலைத் திறந்து வைத்தால். ஆனால் தகர உடம்பு, உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் பம்பு, தரையெல்லாம் ஈரம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் சொருக ஒரு அடாப்டர் போட்டால் எர்த் அறுந்தது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைக் கையில் பிடுங்கிவிட்டு ஊற்றுங்கள்.

படி 5: இனி வாங்கலாம்

பழைய ஃபேன் தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். பி.எல்.டி.சி. என்றால் 29. அதிகம் ஓடுகிற ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள், விருந்தாளி அறை ஃபேன் அப்படியே கிடக்கட்டும். சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அது இருந்தால் பி.எல்.டி.சி. ஃபேன் திணறும், சில நேரம் அதன் போர்டே போய்விடும்.

ஏ.சி.யை 26இல் வைத்து ஃபேனையும் சுற்றவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிற கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து புது ஏ.சி.க்கள் 24இல் தொடங்கும்படி வருவதும் அதனால்தான். ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைத்துவிட்டு பிளக்டாப்பின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். கை சுடுகிறது என்றால் உள்ளே ஸ்குரூ தளர்ந்திருக்கலாம்.

மேல்தளத்தில் குடியிருந்தால் இது எல்லாவற்றையும் விட மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது மலிவு. பகல் முழுக்கக் காய்ந்த காங்கிரீட் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். வெள்ளையாக இருந்தால் அவ்வளவு வாங்காது. கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே இரும்புத் தொட்டியில் நீற்றுங்கள். பிளாஸ்டிக் வாளி சூட்டில் நெளிந்துவிடும், கொதித்துத் தெறிக்கும்போது கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளை மாடிக்கு விடாதீர்கள். மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு பூச்சு. ஐப்பசி மழையில் பாதி கரைந்துவிடும், ஆகவே வருஷா வருஷம் மாசி கடைசியில் இந்த வேலை உண்டு.

பிறகு சேர்த்தது

எல்லாவற்றையும் அணைத்த பிறகு சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிகிறதே, இது கசிவா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. பல மீட்டர்களில் லோடே இல்லாதபோது விளக்கு அப்படி நின்று எரியும். சிமிட்டினால்தான் கணக்கு ஓடுகிறது.

இன்னொருவர் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி மாடிப்படிக்குக் கீழே, சாமி அலமாரியை ஒட்டி இருக்கிறதாம். கோடையில் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், மாதம் ஒருமுறை பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதன் பக்கத்தில் விளக்கேற்றக் கூடாது, சூடம் காட்டக் கூடாது. பேட்டரியை நகர்த்த இடம் இல்லை என்றால் சாமி படங்களை வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள்.